வெள்ளை அணு எண்ணிக்கை சரி, வேலை சரியா? சீனி கூடிய இரத்தத்தில் நடப்பது என்ன

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஊர்க்காரர் ஒருவர் நாலாக மடித்த ரிப்போர்ட் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"காக்கா, இதக் கொஞ்சம் பாருங்களே. வெள்ளை அணு எட்டாயிரம். நோர்மல்தானே? காலுல உள்ள புண் மட்டும் ஆறு கிழமையா காயுதில்ல."

அவருடைய பெருவிரலைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. "சீனி எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அது பாக்கல்ல. சீனி எனக்குப் பெரிசா இல்ல."

இந்தக் கடைசி வசனத்தை நான் இதற்கு முன்னரும் கேட்டிருக்கிறேன், என் வாப்பாவின் வாயிலிருந்து. அதை நம்பி ஒரு பிழையான முடிவுக்கு வந்தவனும் நான்தான்.

நான் வைத்தியர் அல்ல. இரத்த மாதிரிகளோடும் நுணுக்குக்காட்டியோடும் முப்பது வருடங்களுக்கு மேல் காலம் கழித்து ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன். வெள்ளை அணுக்களை எண்ணுவதுதான் என் தொழில். 1990களில் ஒருநாள் வயலுக்குப் போன வாப்பாவின் காலில் முள் குத்தியது. நாலாம் நாள் கால் வீங்கியது. இரத்தத்தை எடுத்து நானே என் கையால் எண்ணினேன். 8,600. "பயப்பட ஒண்டுமில்ல. கிருமி ஏறியிருந்தா வெள்ளை அணு கூடியிருக்கும்" என்று உம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன். சீனி பார்க்கவில்லை. வாப்பாவின் கிளினிக் கொப்பியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தபோது வந்த மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. அன்று பார்த்த சீனி 380. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டி வந்தது.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த 8,600தான். எண்ணிக்கையில் நான் பிழை விடவில்லை. அந்த எண்ணிக்கை என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை விளங்கிக்கொள்வதில்தான் பிழை விட்டேன். நீரிழிவு உள்ள ஒருவரின் வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையில் நிறைவாக இருந்தும் வேலையில் குறைவாக இருக்கலாம். அது ஏன் என்பதை முடிந்தவரை இலகுவாகச் சொல்ல முயல்கிறேன்.

எண்ணிக்கை வேறு, வேலை வேறு

ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில், அதாவது சிறு துளியின் ஒரு பங்கில், வளர்ந்த ஒருவருக்குப் பொதுவாக 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். பாடநூலில் வெண்குழியங்கள் என்று படித்திருப்போம். இவற்றில் பல வகைகள் உண்டு. பாதிக்கு மேற்பட்டவை நியூட்ரோபில் என்ற வகை. பற்றீரியாக்களும் பங்கசுகளும் உடலுக்குள் நுழைந்தால் முதலில் ஓடிப்போய்ச் சண்டையிடுபவை இவைதான். புண்ணில் நாம் காணும் சீழ், பெரும்பாலும் அந்தச் சண்டையில் இறந்துபோன நியூட்ரோபில்கள்தான்.

நியூட்ரோபிலின் ஆயுள் குறுகியது. மணித்தியாலங்களிலும் சில நாட்களிலும் எண்ணிவிடலாம். அதனால் எலும்பு மச்சை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைப் புதிதாக உருவாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

நாம் ஆய்வுகூடத்தில் செய்வது இவற்றின் தலையை எண்ணுவது மட்டும்தான். அவை கிருமியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கின்றனவா, பிடிக்கின்றனவா, கொல்கின்றனவா என்பதை வழமையான முழு இரத்தப் பரிசோதனை காட்டாது. பாதுகாப்பு ஊழியர் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று வரவுக் கொப்பியில் பார்க்கலாம். அவர்கள் இரவில் விழித்திருந்தார்களா என்பதை அந்தக் கொப்பியில் பார்க்க முடியாது.

இதற்கு மருத்துவத்தில் தெளிவான ஓர் உதாரணம் உண்டு. கிருமியைக் கொல்லும் இரசாயனத்தை உருவாக்கும் நொதியம் பிறப்பிலேயே பழுதான சில குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய இரத்தத்தில் நியூட்ரோபில்கள் தாராளமாக இருக்கும். ஆனாலும் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டிகள் வரும். ஆள் இருக்கிறது, ஆயுதம் இல்லை. நீரிழிவில் நடப்பது இந்தளவு கடுமையானது அல்ல. ஆனால் பழுது விழும் இடங்களில் ஒன்று அதே ஆயுதசாலைதான்.

முள் குத்தினால் உடல் என்ன செய்கிறது?

வெள்ளை அணுக்களின் இந்த வேலையை உலகம் அறிந்துகொண்டதும் ஒரு முள்ளினால்தான். 1882ஆம் ஆண்டு, சிசிலித் தீவின் மெசினா நகரில் இருந்த இலியா மெச்னிக்கோவ் என்ற விஞ்ஞானி, கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குடம்பியின் உடலில் ரோசா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது அசையும் கலங்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்கும் கலங்கள் உண்டு என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908இல் போல் ஏர்லிக்குடன் சேர்ந்து நோபல் பரிசையும் அவர் பெற்றார்.

காலில் முள் குத்தினால் நடப்பவற்றை ஐந்து படிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அழைப்பு. காயப்பட்ட இடத்திலிருந்தும் கிருமிகளிலிருந்தும் இரசாயனச் சமிக்ஞைகள் வெளியாகின்றன. 

இரண்டாவது, வெளியேற்றம். இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில் அந்த இடத்தில் குழாயின் சுவரில் ஒட்டி, உருண்டு, சுவர்க் கலங்களுக்கிடையே நெளிந்து வெளியே வருகிறது. பிறகு சமிக்ஞை கூடிய பக்கத்தை நோக்கி ஊர்ந்து போகிறது.

மூன்றாவது, அடையாளம். கிருமியின் மேல் பிறபொருளெதிரிகளும் "கொம்ப்ளிமென்ட்" எனப்படும் இரத்தப் புரதங்களும் ஒட்டிக்கொள்கின்றன. இது கிருமிக்குக் கைப்பிடி போடுவது போல. கைப்பிடி இருந்தால் விழுங்குவது இலகு.

நான்காவது, விழுங்குதல். ஐந்தாவது, கொல்லுதல்.

கொல்லும் படியை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விழுங்கிய கிருமியை நியூட்ரோபில் ஒரு பைக்குள் அடைக்கிறது. பிறகு ஒட்சிசனை எடுத்து, அதற்கு இலத்திரன்களைக் கொடுத்து, ஐதரசன் பேரொக்சைட் போன்ற நச்சுப் பொருட்களாக மாற்றுகிறது. கடைசியில் அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகிறது. வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றில் குளோரின் தூள் போடுகிறாரே, அந்தத் தூள் தண்ணீரில் கரைந்து கிருமியைக் கொல்வதும் இதே பொருளால்தான். எமது ஒவ்வொரு நியூட்ரோபிலும் தனக்குத் தேவையான குளோரினைத் தானே தயாரிக்கிறது. அதற்குத் தேவையான இலத்திரன்களைக் கொடுப்பது என்.ஏ.டி.பி.எச். என்ற மூலக்கூறு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீனி கூடும்போது எங்கே பழுது விழுகிறது?

நியூட்ரோபிலுக்குக் குளுக்கோஸ் எதிரி அல்ல, அதன் பிரதான எரிபொருள். பிரச்சினை அளவில் இருக்கிறது. தசைக் கலங்களுக்குள் குளுக்கோஸ் நுழையப் பெருமளவில் இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். வெள்ளை அணுக்களுக்குள் இன்சுலின் இல்லாமலும் குளுக்கோஸ் நுழையும். எனவே இரத்தத்தில் சீனி ஏறினால் அவற்றுக்குள்ளும் ஏறுகிறது.

ஏறிய குளுக்கோசின் ஒரு பகுதியை "அல்டோஸ் ரிடக்டேஸ்" என்ற நொதியம் சோர்பிட்டோல் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. சாதாரண நாட்களில் இந்தப் பாதை பெரிதாக ஓடுவதில்லை. சீனி கூடும்போது வேகமாக ஓடுகிறது. ஓடுவதற்கு அது செலவழிப்பது நாம் மேலே சொன்ன அதே என்.ஏ.டி.பி.எச். மூலக்கூறைத்தான். மிஞ்சுகிற சீனியை அப்புறப்படுத்தவே கையிருப்புக் கரைந்தால், குளோரின் தயாரிக்கும் வேலைக்கு மிஞ்சுவது குறைவு. கிருமி விழுங்கப்படுகிறது, ஆனால் விரைவாகச் சாவதில்லை.

இரண்டாவது பழுது கைப்பிடியில். எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையைப் பலர் அறிவீர்கள். செங்குழியத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை வீதத்தில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. செங்குழியத்தின் ஆயுள் சுமார் 120 நாட்கள் என்பதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிகிறது. குளுக்கோஸ் ஹீமோகுளோபினில் மட்டும் ஒட்டுவதில்லை. பிறபொருளெதிரிகளிலும் கொம்ப்ளிமென்ட் புரதங்களிலும் ஒட்டுகிறது. ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டினால் அந்தப் புரதம் கிருமியைச் சரியாகப் பற்றாது. கைப்பிடி இல்லாத கிருமி வழுக்கிப் போகிறது.

மூன்றாவது பழுது பயணத்தில். சீனி கூடிய சூழலில் நியூட்ரோபில்கள் சமிக்ஞையை நோக்கி ஊரும் வேகமும் திசையும் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதோடு நீண்டகால நீரிழிவில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தடித்துப்போகிறது, பெரிய குழாய்கள் அடைபடுகின்றன. காலின் நுனிவரை இரத்தமே சரியாகப் போகாவிட்டால் வெள்ளை அணுவும் போகாது. நாம் போடும் அன்டிபயோடிக் மருந்தும் போகாது.

நான்காவது பழுது விசித்திரமானது. சில வேளைகளில் நியூட்ரோபில் தன் மரபணு நூலையே வெளியே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும். இதை 2004இல் பேர்லின் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நீரிழிவு உள்ளவர்களின் நியூட்ரோபில்கள் இந்த வலையைத் தேவைக்கு மேல் வீசும் நிலையில் இருப்பதும், அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்துவதும் 2015இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. புண் ஆறுவதைக் காட்டியது எலிகளில் செய்த பரிசோதனை. அதாவது இங்கே பழுது பலவீனம் மட்டுமல்ல, இடம் தெரியாத ஆவேசமும்தான். கொல்ல வேண்டிய இடத்தில் மெத்தனம், அடங்க வேண்டிய இடத்தில் குழப்பம்.

ஐந்தாவது, மற்றைய கலங்கள். புண்ணைத் துப்புரவாக்கி ஆறவைக்கும் மக்ரோபேஜ் என்ற பெரிய விழுங்கிக் கலங்கள், சண்டை முடிந்ததும் திருத்த வேலைக்கு மாற வேண்டும். நீரிழிவில் அந்த மாற்றம் தாமதிக்கிறது. புண் நாட்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே நிலையில் நிற்பதற்கு இதுவும் காரணம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பழுதுகள் எல்லாம் எல்லா நோயாளிகளிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. சீனி நன்றாகக் கட்டுப்பாட்டில் உள்ள ஒருவரின் வெள்ளை அணுக்கள் ஏறத்தாழ மற்றவர்களுடையதைப் போலவே வேலை செய்யும். நீரிழிவில் தொற்று கூடுவதற்கு உணர்வற்ற கால், அடைபட்ட குழாய், சிறுநீரிலுள்ள சீனி என்று வேறு காரணங்களும் உண்டு. வெள்ளை அணுவின் தளர்ச்சி அவற்றோடு சேரும்போதுதான் சின்ன முள் பெரிய வினையாகிறது.

சீனி கிருமியை வளர்க்கும், கிருமி சீனியை ஏற்றும்

தொற்று ஏற்பட்டால் உடல் கோர்டிசோல், அட்ரினலின் போன்ற ஓமோன்களைச் சுரக்கிறது. இவை இரத்தச் சீனியை ஏற்றுபவை. சீனி ஏறினால் வெள்ளை அணு இன்னும் தளரும். அது தளர்ந்தால் தொற்று இன்னும் பரவும். இந்தச் சுழலில் மாட்டிய ஒருவரின் சீனி, வழமையான மாத்திரையை ஒழுங்காகக் குடித்தும் 300க்கு மேல் நிற்கும். இந்த நேரத்தில் தற்காலிகமாக இன்சுலின் கொடுக்க வேண்டி வரலாம். "இன்சுலின் தொடங்கினா நிப்பாட்ட ஏலாது" என்று சொல்லி அதை மறுப்பவர்கள் எமது வீடுகளில் அதிகம். தொற்றுக்காகத் தொடங்கிய இன்சுலினைத் தொற்று ஆறியதும் நிறுத்திப் பழைய மாத்திரைக்கு மாறியவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்து, அறிகுறி மறைந்துபோவது. காய்ச்சல், சிவப்பு, வலி, கூடிய வெள்ளை அணு எண்ணிக்கை எல்லாம் வெள்ளை அணுக்கள் சுறுசுறுப்பாகச் சண்டையிடுவதன் அடையாளங்கள். நீரிழிவுக் காலில் கடுமையான தொற்று இருந்தும் பலருக்குக் காய்ச்சலும் இருக்காது, எண்ணிக்கையும் ஏறாது. நரம்பு மரத்துப்போனதால் வலியும் தெரியாது. நான் வாப்பாவின் விடயத்தில் பார்க்கத் தவறியது இதைத்தான்.

கால் எடுத்த பிறகு ஒருநாள், அன்றைய ஸ்லைடை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நியூட்ரோபில்களுக்குள் கரும்புள்ளிகள் நிறைந்திருந்தன. முதிராத அணுக்கள் வரிசையாக இருந்தன. கடும் தொற்று இருப்பதை அந்தக் கண்ணாடித் துண்டு நாலாம் நாளே சொல்லியிருக்கிறது. நான் எண்ணினேன், பார்க்கவில்லை. அதன் பிறகு என் சேவைக்காலம் முடியும்வரை, நீரிழிவு நோயாளியின் இரத்தம் வந்தால் எண்ணிக்கை நோர்மல் என்றாலும் ஸ்லைடைப் பார்க்காமல் அனுப்பியதில்லை.

எமது மண்ணில் கவனிக்க வேண்டியவை

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வின்படி, 20 வயதைக் கடந்தவர்களில் சுமார் 10 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருப்பவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே தெரியாது. "சீனி எனக்கு இல்லை" என்று சொல்வோரில் எத்தனை பேர் பரிசோதித்துப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதை யோசியுங்கள்.

காசநோய் நீரிழிவு உள்ளவர்களைத் தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். 

எமது விவசாயிகள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு நோய் மெலியோய்டோசிஸ். இதன் பற்றீரியா மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில், வயல் வேலையில், காலிலுள்ள சிறு வெடிப்பினூடாகவும் நுழையும். விழுங்கிய வெள்ளை அணுவுக்குள்ளேயே உயிரோடு இருந்து பெருகக்கூடியது இது. இந்நோய்க்கு ஆளாவோரிடம் மிகப் பொதுவாகக் காணப்படும் நிலை நீரிழிவுதான். எமது நாட்டின் பல மாவட்டங்களிலும் இது கண்டறியப்பட்டுள்ளது. வழமையான அன்டிபயோடிக் பல இதற்குப் பலிக்காது. சரியான மருந்தை ஊசியாகத் தொடங்கி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரையாகத் தொடர வேண்டும். எனவே, நீரிழிவு உள்ள ஒருவருக்கு மாறாத காய்ச்சலோ உள்ளுறுப்பில் சீழ்க்கட்டியோ வந்தால், "நான் வயல் வேலை செய்பவன்" என்பதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டலாம்.

2021இல் இந்தியாவில் கொவிட் அலையோடு பரவிய கறுப்புப் பங்கசு நோயை மறந்திருக்க மாட்டோம். அந்தப் பங்கசு புதியதல்ல, மண்ணிலும் பழைய பாணிலும் எப்போதும் இருப்பது. கட்டுப்பாடற்ற சீனியும், கொவிட்டுக்காகக் கொடுத்த ஸ்டீரொயிட் மருந்தும் சேர்ந்து வெள்ளை அணுக்களின் கையைக் கட்டியபோதுதான் அது முகத்தையும் கண்ணையும் அரித்தது. மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் ஸ்டீரொயிட் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது சீனியை ஏற்றும், வெள்ளை அணு எண்ணிக்கையையும் ஏற்றிக் காட்டும், அதே நேரம் அவற்றின் வேலையைத் தளர்த்தும்.

சிறுநீர்த் தொற்று, பெண்களுக்கு அடிக்கடி வரும் அந்தரங்க அரிப்பு, முரசு வீக்கம், ஆறாத பரு ஆகியவையும் சீனியைப் பார்க்கச் சொல்லும் சமிக்ஞைகள்தான். வெட்கத்தால் மறைக்க வேண்டியவை அல்ல.

ஒரு கரண்டி சீனி ஐந்து மணி நேரமா?

"சீனி சாப்பிட்டால் ஐந்து மணித்தியாலத்துக்கு வெள்ளை அணு செயலிழக்கும்" என்ற வட்ஸ்அப் செய்தி அடிக்கடி வருகிறது. இதன் வேர் 1973இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு. ஆரோக்கியமான சிலருக்கு 100 கிராம் சீனி கொடுத்து, பிறகு அவர்களின் இரத்தத்தை எடுத்து நியூட்ரோபில்கள் எத்தனை பற்றீரியாக்களை விழுங்குகின்றன என்று பார்த்தார்கள். சில மணித்தியாலங்களுக்கு அந்த எண்ணிக்கை குறைந்திருந்தது. 

100 கிராம் என்பது சுமார் இருபத்தைந்து தேக்கரண்டி சீனி. அதை ஒரே தடவையில் குடித்த சிலரின் இரத்தம் கண்ணாடிக் குழாயில் காட்டியது அது. அவர்களுக்குத் தொற்று கூடியதா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. ஆரோக்கியமானவரின் இரத்தச் சீனியை இன்சுலின் விரைவில் இறக்கிவிடும். எனவே ஒரு பிளேன்டிக்கு வெள்ளை அணு செத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, நாட்கணக்கில் மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும் சீனிக்கு. வெள்ளை அணுக்கள் அதிலேயே பிறந்து, அதிலேயே மிதந்து, அதிலேயே மடிகின்றன.

இழந்த பலம் திரும்புமா?

திரும்பும். இந்தக் கட்டுரையில் நல்ல செய்தி இதுதான். சீனி கட்டுப்பாட்டுக்கு வரும்போது நியூட்ரோபில்களின் வேலைத்திறன் மேம்படுவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. அவற்றின் ஆயுள் குறுகியது என்பது இங்கே எமக்குச் சாதகம். இன்று சீனி இறங்கினால், நாளையும் மறுநாளும் வரும் புதிய அணுக்கள் நல்ல சூழலில் வேலையைத் தொடங்குகின்றன. தடித்த இரத்தக் குழாயும் மரத்த நரம்பும் அவ்வளவு இலகுவில் திரும்பாது. அதனால்தான் அவை பழுதாகும் முன்னர் தொடங்க வேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் சீனியை இறக்கச் சொல்வதும் இதற்காகத்தான். சத்திரசிகிச்சை நேரத்தில் சீனியை 200க்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது 2017இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்ட வழிகாட்டல். தவணையைத் தள்ளிப்போட்டால் வைத்தியரோடு கோபிக்க வேண்டாம். அவர் உங்கள் வெள்ளை அணுக்களுக்கு அவகாசம் கேட்கிறார்.

அதற்காக அளவுக்கு மீறி இறக்குவதும் ஆபத்து. அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 6,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2009இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சீனியை மிக இறுக்கமாக 81 முதல் 108 வரை வைத்திருந்த குழுவில்தான் மரணம் கூடியிருந்தது. எனவே யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டவோ இன்சுலினை இரட்டிப்பாக்கவோ கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. ஒரு நாளைக்கு ஐந்து முறை வுழு செய்யும் எமக்கு, ஐந்து முறை காலைப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. கழுவுவதோடு நிறுத்தாமல் பாருங்கள். விரல் இடுக்கு, குதி, அடிப்பாதம். அடிப்பாதத்தைப் பார்க்க முடியாத முதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். கழுவிய பிறகு விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் நின்றால் பங்கசு வளரும், தோல் வெடிக்கும், அந்த வெடிப்புதான் பற்றீரியாவுக்கு வாசல்.

2. உச்சி வெயிலில் பள்ளிவாசல் முற்றத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கால் மரத்தவருக்குச் சுடுவது தெரியாது. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போவோர் பழகிய மெத்தென்ற காலணியைக் கொண்டுபோங்கள்.

3. நீரிழிவு உள்ளவரின் காலில் புண் வந்தால், சின்னதோ பெரியதோ, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டுங்கள். கோப்பித் தூள், சுண்ணாம்பு, பற்பசை எதையும் பூச வேண்டாம்.

4. சுகமில்லாத நாளில் "சாப்பாடு இல்லைதானே" என்று மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த நாட்களில்தான் சீனி ஏறும். அடிக்கடி சீனியைப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள். எந்த மருந்தைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

5. நோன்பு காலத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை முறிக்க வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவு அமைப்பின் நோன்பு வழிகாட்டல். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். தொற்றோடு இருப்பவர் நோயாளி. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை மறுத்துக் காலை இழப்பது வணக்கம் ஆகாது.

6. ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது வெள்ளை அணு எண்ணிக்கையை மட்டும் தனியே படிக்காதீர்கள். பக்கத்தில் அன்றைய சீனியையும் கடைசி எச்.பி.ஏ.1.சி. அளவையும் வைத்துப் படிக்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்.பி.ஏ.1.சி. 6.5 வீதம் அல்லது அதற்கு மேல் என்பவை நீரிழிவைக் காட்டும் அளவுகள். அரச வைத்தியசாலைகளில் சீனியை இலவசமாகப் பார்க்கலாம்.

பள்ளிவாசல் வாசலில் சந்தித்த அந்த ஊர்க்காரரை அன்றே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். சீனி 312. இன்சுலினும் அன்டிபயோடிக்கும் கொடுத்து, புண்ணைத் துப்புரவு செய்து, பத்து நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். விரல் தப்பியது. போன கிழமை ஜும்ஆவுக்கு வந்திருந்தார், காலில் சப்பாத்து.

வாப்பா, கால் எடுத்த பிறகு நாலு வருடங்கள் உயிரோடு இருந்தார். என்னை ஒருபோதும் குறை சொன்னதில்லை. கதிரையில் உட்கார்ந்து தொழுவார். யாராவது வந்து உடம்புக்கு எப்படி என்று கேட்டால், "நம்மட மகன்தான் இரத்தம் பாக்கிற" என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் ஆறாத ஒரு புண் இருந்தால், இன்றே சீனியைப் பாருங்கள்.